கைபடாத பட்டியல்

மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு தொகுப்பில் நூற்றிநாற்பதை இயந்திரம் பார்த்து முடித்திருக்கிறது. மணி பத்தரை. கணக்குப் போடாதே எஸ்தர், போட்டால் மட்டும் அது வேகமாக ஓடவா போகிறது, ஆனால் போடாமல் இருக்க முடியவில்லை, ஒரு தொகுப்புக்கு ஒரு விநாடி, மொத்தம் அறுபத்து மூன்றரை நிமிடம், தொடங்கியது பத்து இருபத்தெட்டுக்கு, அப்படியென்றால் முடிவது பதினொன்று முப்பத்தொன்றரைக்கு, மாசானத்துக்கு இன்டர்வியூ பதினொன்றரைக்கு. ஒன்றரை நிமிடம் பிந்தும். அவன் போன் வந்தது பத்து பத்துக்கு. விதியைத் திருத்தி எழுத எனக்கு ஆனது ஐந்து நிமிடம். மீதி பதின்மூன்று நிமிடம் நான் என்ன செய்தேன்? காபி டம்ளரைக் கழுவினேன். ஒரு மனுஷனுடைய பிழைப்பு அந்தரத்தில் தொங்கும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அது போதாதென்று ஸ்டவ்வையும் துடைத்தேன். துடைக்கும்போது என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் தெரியவில்லை, ஸ்டவ் சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. “எக்கா, பிஸியா இருக்கியளா?” என்றுதான் ஆரம்பித்தான். இல்லை மாசானம், சொல்லு என்றேன். “பதினொன்றரைக்கு இன்டர்வியூக்கா, வீடியோல. மழை வெள்ளம் கணக்குப் பாக்கிற கம்பெனி. நம்ம மழைமானித் தொகுப்பப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டிருக்காவ. யாரு எழுதுனதுன்னு சரிபாக்கணும்லா, உங்க தேடுபக்கத்தோட சுட்டியத்தான் அனுப்பச் சொன்னாவ.” நல்ல விஷயம்லா என்றேன். பின்னால் லாரி ஹாரன், அவன் மாமா டயர்கடையில் நின்று பேசுகிறான் போல, பதினாலு மாசமாக வேலை இல்லாமல் அங்கேதான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். “இப்பம் தேடிப் பாத்தேங்க்கா. மழைமானின்னு போட்டா உங்க பேரு வருது. என் பேரையே காங்கல. நான் எதுவும் தப்பாப் பதிஞ்சிருக்கேனோ?” நான் தப்பாப் பதிஞ்சிருக்கேனோ. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு சின்ன நிரல் மொழி, உலகத்தில் அதைப் பழகியவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம், ஆனால் சும்மா இருக்க மாட்டார்கள், ஆளாளுக்கு ஒரு வேலைக்கான நிரலை எழுதித் தொகுப்பாகக் கட்டி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் ஆளுக்கொரு மூலையில் போட்டு வைப்பார்கள், தேதி பார்க்க ஒன்று, படம் வரைய ஒன்று, ரயில் நேரம் பார்க்க ஏழு. எது எங்கே கிடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ் லேபில் பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மௌஸ் எங்கே என்று தேடிக் கொடுக்கிற நான், ராத்திரி பகல் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தேடுபக்கம் கட்டினேன். ஒரு சொல் போட்டால் தொகுப்பு வரும், எழுதியவர் பேர் வரும். எனக்கு முன்னால் ஒருத்தர் கையாலேயே பட்டியல் வைத்திருந்தார், அவருக்கு வேண்டியவர்களுடைய தொகுப்பெல்லாம் மேலே, வேண்டாதவர்களுடையது கீழே, அதில் நடந்த சண்டையில் மூன்று மாசம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. அதனால் என் பக்கத்தின் நெற்றியிலேயே எழுதி வைத்தேன், இந்தப் பட்டியலில் யாருடைய கையும் படாது. விதிகளை எழுதுவது மட்டும்தான் என் வேலை, வரிசையை இயந்திரம் போடும். ஒரு பேரைக் கூட நான் தொட்டு மாற்ற முடியாது, அதற்கு வழியே வைக்கவில்லை, விதியைத்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் முதலிலிருந்து எல்லாத் தொகுப்பின் வாசலுக்கும் போய் வர வேண்டும், அவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு விநாடி நின்று போக வேண்டும். எவ்வளவு பெருமை எனக்கு அதில். நிரல்காரர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். கை படாது, ஆமாம், விதியை எழுதுகிற கை எந்தக் கணக்கில் சேரும் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்நூற்று நாற்பது. ஒரே பேரில் இரண்டு தொகுப்பு இருந்தால் பழசை வை, புதுசை நகல் என்று மறைத்துவிடு, இதுதான் நான் எழுதிய விதி. படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. மாசானம் போன வருஷம் தன் தொகுப்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றினான், மாற்றிய தேதியே அதன் பிறந்த தேதியாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திருத்தம் பார்ப்பதற்காக நான் என் பேரில் எடுத்து வைத்த நகல் எங்கும் நகராமல் அப்படியே கிடக்கிறது. அப்படியென்றால் நகல் பழசு, அசல் புதுசு. இயந்திரம் அவனை மறைத்துவிட்டு என்னை வைத்தது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். இந்த வேலையில் தேதி பொய் சொல்லும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியுமா?

அந்தத் திருத்தத்தை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும், வந்துவிட்டது, நிற்கிறது. மழைமானி என்ன செய்யும் என்றால் ஊர் ஊராக மழை அளந்து எழுதிய ஏடுகளை வாங்கி, கூட்டிக் கழித்து, இந்த வருஷம் எவ்வளவு, எங்கே குறைவு என்று சொல்லும். ஸ்ரீவைகுண்டத்துப் பையன், ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று பேசிக்கொண்டே வளர்ந்தவன், இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினான், நாலாயிரம் வரி, அவ்வளவும் அவன். நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் ஏட்டில் ஒரு நாள் எழுதாமல் விட்டிருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். நான்தான் கண்டுபிடித்தேன். மழை பெய்யாத நாளும், அளக்கிற ஆள் லீவு போட்ட நாளும் ஒன்றாகுமா? பெருமழை கொட்டின அன்றைக்கு ஆள் வரவில்லை என்றால் அந்த ஊரில் வறட்சி என்றல்லவா சொல்லும்? ஒரு வரி எழுதினேன், வெற்று நாளை வெற்றாகவே வை, பூஜ்யம் ஆக்காதே. ஒரே வரி. அதற்கப்புறம்தான் நாலு பேர் அதை நம்பி எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அவனுக்கு அனுப்பினேன், சூப்பர்க்கா என்று பதில் போட்டான், அடுத்த மாசம் புதிய பதிப்பு வந்தது, என் வரி அப்படியே உள்ளே இருந்தது, பேர் இல்லை. நன்றி சொல்கிற இடத்தில் அவன் வாத்தியார் பேர் இருந்தது, அவன் மாமா பேர் கூட இருந்தது, டயர்கடைக்காரர், ஒரு வரி எழுதியிருப்பாரா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வரிக்குப் போய்க் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த நாலாயிரம் வரியும் பொய் சொல்லும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில், வெட்கமும் ஆத்திரமும், எது எதை மிதித்துக்கொண்டு நின்றது என்று இன்றுவரைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மறந்துவிட்டேன். மறந்தேனா? எண்ணூற்று எழுபது. போன பிப்ரவரியில்தான் பழசை வை என்கிற அந்த விதியை எழுதினேன். அன்றைக்கு என் மனசில் இருந்தது பூஜ்யமா, வெற்றா? ஒன்றும் இல்லாமல் இருந்ததா, இல்லை நான் அளக்காமல் விட்டேனா? சீ, என்ன யோசனை இது.

“ஏட்டி, மீனுக்கு மாங்கா போடணுமா, புளியா?” ஜெபராஜ், என் வீட்டுக்காரர். சனிக்கிழமையானால் சமையல் அவர் கையில், நான் பக்கத்தில் வந்துவிடக்கூடாது, ஆனால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கேள்வி மட்டும் வரும். எதையாவது போடுங்க என்றேன். கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். “முகம் ஏன் இப்படிச் சுருங்கிப் போய்க் கெடக்கு? கம்ப்யூட்டர் கடிச்சுட்டா?” சொன்னேன். சொல்லும்போது எதையெல்லாம் விட்டேன் என்று எனக்கே கேட்டது, வரியை விட்டேன், டயர்கடைக்காரர் பேரை விட்டேன், இயந்திரம் தப்பாகப் போட்டுவிட்டது, மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்றரை நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான் சொன்னேன். அவர் கரண்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டே, “அதுக்கு ஏம்ட்டி ஒரு மணி நேரம் எலி மாதிரி உருட்டுத? அந்தக் கம்பெனிக்காரனுக்கு நீயே ரெண்டு வரி எழுதிப் போடு, இது நான் எழுதலய்யா, அந்தப் பையந்தான்னு. தீந்துது ஜோலி” என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா போங்க என்று கத்தினேன். கத்தியது எனக்கே அதிகமாகப் பட்டது. அவர் போய்விட்டார், மாங்காய்தான் போடுகிறார் போல, வாசனை வருகிறது. முகவரி இருக்கிறது. மாசானம் அந்த அழைப்புக் கடிதத்தை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறான், கம்பெனிக்காரர்களுடைய மின்னஞ்சல் மேலேயே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. பத்து பதினைந்துக்கே எழுதியிருக்கலாம், அவன் குளித்துச் சட்டை மாற்றுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இதை நான் யோசிக்கவில்லையா? ஸ்டவ் துடைக்கும்போது யோசித்தேன். இப்போது ஞாபகம் வருகிறது, இதைத்தான் யோசித்தேன். எழுத வேண்டுமானால் இது நான் எழுதியதல்ல என்று என் கையால் எழுத வேண்டும். இயந்திரம் ஓடினால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, என் பேர் போகும், அவன் பேர் வரும், யார் செய்தது என்று கேட்டால் யாரும் இல்லை. அதற்காகத்தான் இந்த அறுபத்து மூன்றரை நிமிடமா? இல்லை, பட்டியலில் கை படக்கூடாது, அது ஊரறியக் கொடுத்த வாக்கு. கடிதம் எழுதினால் பட்டியலில் எங்கே கை படுகிறது? படவில்லை. அப்போ எழுது. எழுதுகிறேன். ஆயிரத்து ஐந்நூறு தாண்டட்டும், எழுதுகிறேன்.

ஆயிரத்து ஐந்நூறு தாண்டி இரண்டாயிரமும் தாண்டிவிட்டது. பிப்ரவரி. பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், மின்விசிறி ஒன்று சத்தம் போட்டது, நான் மேஜையில் உட்கார்ந்து இந்த விதியை எழுதினேன், மத்தியானம் இரண்டு மணி இருக்கும், பிள்ளைகளில் யாரோ மிஸ் கரண்ட் போச்சு என்றார்கள். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. விதி எழுதினால் ஐந்து தொகுப்பை எடுத்து வெள்ளோட்டம் பார்ப்பேன், எப்போதும் ஐந்து, என் பழக்கம். எந்த ஐந்து? ரயில் நேரம் ஒன்று. படம் வரைகிறது ஒன்று. கோலத்துக்குப் புள்ளி வைக்கிறது ஒன்று. நாலாவது, தேதி. ஐந்தாவது? ஐந்தாவது வருவதற்குள் கரண்ட் போய்விடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை மிஸ் கரண்ட் போச்சு என்கிறது. பழைய வெள்ளோட்டக் குறிப்பு லேப்டாப்பில் இருக்கிறது. திறந்தால் ஐந்தும் வரிசையாக இருக்கும், ஐந்தாவது மழைமானியா இல்லையா என்று ஒரு விநாடியில் தெரிந்துவிடும். அதில் மழைமானி இருந்தால் நான் பார்த்திருக்கிறேன், என் பேர் மேலே வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். இல்லாவிட்டால் நான் நல்லவள். திறக்கவில்லை. திறக்க ஏன் கை வரவில்லை, இல்லை என்று நிச்சயமாக இருந்தால் இந்நேரம் திறந்து பார்த்துச் சிரித்திருக்க மாட்டேனா? அதுவும் சொல்ல முடியாது, டாக்டர் சீட்டைப் பிரிக்கப் பயப்படுகிறவர்களுக்கெல்லாம் வியாதி இருக்கவா செய்கிறது? இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு. இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு. நகரவில்லை. என்ன எழவு இது, எவனோ சர்வரை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான், இயந்திரம் அவன் வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறது, நாலு தடவை கூப்பிடாமல் நகராதே என்று சொல்லிவைத்தவளும் நான்தான், தடவைக்கு நாலு நிமிடம். ஆண்டவரே, நகரட்டும். நகரட்டும் என்றுதானே சொன்னேன், மனசாரத்தானே சொன்னேன்? பதினொன்று பதினேழு. பதினொன்று இருபது. இனிமேல் கடிதம் எழுதினாலும் இன்டர்வியூவுக்கு முன்னால் யார் பார்க்கப்போகிறார்கள், அதனால் எழுத வேண்டியதில்லை, இப்படி ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைப் பிடித்துக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. பதினொன்றரைக்கு இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு.

பதினொன்று நாற்பத்தேழுக்கு முடிந்தது. முடிந்தது என்று ஒரு சொல் வந்தது, அவ்வளவுதான். மழை என்று போட்டேன். முதல் வரியிலேயே மழைமானி, எழுதியவர் மாசானமுத்து, ஸ்ரீவைகுண்டம். இப்போதைய விதி தேதியைப் பார்க்காது, தொகுப்பின் முதல் வரியை யார் எழுதினார் என்று பார்க்கும், என் நகலிலும் முதல் வரி அவனுடையதுதான். சரியாக இருக்கிறது. இதற்கு முன்னாலும் இதைத்தானே எழுதியிருக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. எஸ்தர் என்று போட்டுத் தேடினேன். மழைமானிக்குப் பக்கத்தில் எங்கேயும் நான் இல்லை, என் வரி உள்ளே இருக்கிறது, வெற்று நாளை வெற்றாகவே வைத்துக்கொண்டு, பேர் இல்லாமல். அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால், அவனுக்கு வேலை போய்விடுமே என்றுதான் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு ஐந்துக்கு போன் அடித்தது.

“எக்கா, முடிஞ்சுட்டு. தப்பா எடுத்துக்கிடாதிய.” எடுத்த எடுப்பிலேயே அப்படிச் சொன்னான். “ஆரம்பிச்ச உடனேயே உங்க பக்கத்தத் திரையில போட்டுட்டாவ. இதுல எஸ்தர் கிருபான்னு இருக்கே, யாருன்னு கேட்டாவ. அவங்க எங்க அக்கா, அவங்கதான் எழுதுனாவ, நான் கூடமாட ஒத்தாசையா இருந்தேன்னு சொல்லிட்டேன்.” ஏன்லே அப்படிச் சொன்ன என்றேன். “வேற என்னக்கா சொல்ல? என்னுதுன்னு சொன்னா, அப்பம் இவங்க யாருன்னு கேப்பாவ. உங்களக் களவாணின்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா.” டயர்கடையில் யாரோ காற்று அடிக்கிற சத்தம். “ஆனா ஒண்ணும் கெட்டுப் போவலக்கா. பெருமையடிக்காத ஆளா இருக்கான்னு நெனச்சிட்டாவ போல. சின்ன வேலைதான், உதவியாளு மாதிரி, மூணு மணிக்கு மறுபடி பேசுதோம்னாவ. அதனால, எக்கா, அந்தப் பக்கத்த இப்பம் மாத்திராதிய. திங்கக்கிழமை முடிவு தெரியும், அது வரைக்கும் உங்க பேரே இருக்கட்டும்.” உங்க பேரே இருக்கட்டும். அப்போது உள்ளே ஒன்று துள்ளியது. சந்தோஷம், வேறு பேர் வைக்க முடியாது, அரை விநாடி இருந்திருக்கும், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. அதற்கப்புறம்தான் அவன் சொன்னான், “வெற்று நாள பூஜ்யமாக்காம வச்சது யாரு யோசனைன்னு தனியாக் கேட்டாவக்கா. அது சத்தியமா எங்க அக்காதான்னு சொன்னேன். அன்னைக்கே உங்க பேரப் போட்டிருக்கணும், விட்டுப் போச்சு. புத்தியில்ல எனக்கு.” மூன்று வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டுத்தான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும், ஆனால் சந்தோஷம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பக்கம் மாறிட்டு மாசானம் என்றேன். “மாறிட்டா? பழசு மாதிரி ஆக்க முடியாதாக்கா?” ஒரு பொத்தானில் முடியும், நேற்றைய பட்டியல் பத்திரமாகத்தான் இருக்கிறது. முடியாது என்றேன். அவன் சரிக்கா என்றான், பரவாயில்லக்கா என்றான், வைத்துவிட்டான்.

பழைய வெள்ளோட்டக் குறிப்பைத் திறக்கவில்லை. இனிமேல் அதில் எந்த ஐந்து இருந்தால் என்ன? மூன்று மணிக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் பக்கத்தைத் திறந்தால் அவன் பேர் இருக்கும், காலையில் வேறு சொன்னானே என்று பார்ப்பார்கள். பொய்யன் என்பார்களா, தனக்கு உரியதையே விட்டுக்கொடுத்தவன் என்பார்களா? தெரியவில்லை. நான் எழுதினால் அவனுக்கு நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை, அவன் வேண்டாம் என்றுதானே சொன்னான், உதவியாளு வேலையாவது கிடைக்க இருந்தது. எழுதாமல் இருப்பதற்கு இன்னும் பத்துக் காரணம் கிடைக்கும், காலையிலிருந்து எனக்குக் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. லேப்டாப்பை இழுத்துக் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்தேன். மழைமானியை முதலிலிருந்து எழுதியவர் மாசானமுத்து. அதில் ஒரே ஒரு வரி என்னுடையது. இன்று காலை என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் உங்களிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறார். நாலாவது வரியில் தேடுபக்கத்தில் என் பேர் வந்தது இயந்திரத்தின் பிழை என்று அடித்து, அழித்தேன். விதியின் பிழை என்று அடித்து, அழித்தேன். என் தவறு. அதோடு நிறுத்தியிருக்கலாம், கை நிற்கவில்லை, தெரியாமல் நடந்த என் தவறு என்று ஆக்கியது. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது, மரியாதையாக இருந்தது, யாரும் நம்புவார்கள். “ஏட்டி, மீன் ஆறுது” என்றார் ஜெபராஜ். வாரேன் என்றேன். மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. தெரியாமல் நடந்த என்பதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.